லாரி பேட்டரிக்குக் கடலில் என்ன வேலை?

கோவிலூரில் கடல் கிடையாது. கொற்றவாளீசுவரர் கோயில் இருக்கிறது, பெரிய குளம் இருக்கிறது, தமிழில் வேதாந்தம் சொல்லிக்கொடுத்த மடம் இருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் காரைக்குடிக்கு வந்து, தேவகோட்டை வழியாகத் தொண்டிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். அப்படியிருக்க, கோவிலூருக்கும் மீன்பிடிப் படகில் வைக்கிற பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. கோவிலூரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், காரைக்குடியில்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வாயில் 'சிக்ரி'. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த நிறுவனம். பேட்டரி, துருப்பிடித்தல், மின்முலாம் இவற்றை ஆராய்வதுதான் அங்கே வேலையே.

அந்த வாசலிலிருந்து இரண்டு மணி நேரப் பஸ் தூரத்துக்குள் இருக்கும் கடற்கரையில் ஒரு மீனவர் எப்படி பேட்டரி வாங்குகிறார்?

"அண்ணே, போட்டுக்கு ஒரு பேட்டரி வேணும்."

"லாரிக்குப் போடுறதையே எடுத்துக்கங்கண்ணே. எல்லாரும் அதத்தான் வாங்குறாங்க."

முடிந்தது வியாபாரம்! எத்தனை விளக்கு எரியும், எத்தனை மணி நேரம் கடலில் இருப்பீர்கள், கரைக்கு வந்தால் எதில் சார்ஜ் போடுவீர்கள்... ஒரு கேள்வி கிடையாது. விளக்குக்கு அடியில் இருட்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

காளையும் உழவு மாடும்

லாரி பேட்டரி மட்டமான பேட்டரி என்று யாரும் சொல்லவில்லை. அது செய்யப்பட்ட வேலை வேறு.

இன்ஜினைச் செல்ப் எடுக்க சில வினாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். அதற்காக அதன் உள்ளே மெல்லிய ஈயத் தகடுகளை நிறைய அடுக்கியிருப்பார்கள். தகட்டின் பரப்பு அதிகமாக இருந்தால்தான் ஒரே நேரத்தில் அவ்வளவு மின்சாரம் பாயும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் ஆல்டர்னேட்டர் அந்தக் குறையை உடனே நிரப்பிவிடும். ஆக, தன் ஆயுள் முழுக்க லாரி பேட்டரி கிட்டத்தட்ட முழு வயிற்றோடேயே இருக்கும்.

படகில் கதையே தலைகீழ். குறைந்த மின்சாரத்தை ராத்திரி முழுக்க, பத்து மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். அதற்குத் தடித்த தகடுள்ள பேட்டரி வேண்டும். இதைத்தான் 'டீப் சைக்கிள்' என்கிறார்கள். வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழே உயரமாக நிற்கிற டியூபுலர் பேட்டரி அந்தச் சாதிதான்.

சிராவயல் மஞ்சுவிரட்டில் சீறிப் பாயும் காளையை ஏரில் பூட்டி, பொழுது சாயும்வரை உழு என்றால் என்ன ஆகும்? நாலு நாளில் படுத்துவிடும். குற்றம் காளையின் மேலா, பூட்டியவன் மேலா? மெல்லிய தகட்டு பேட்டரியை அடிவரை காலி செய்து, மறுபடி நிரப்பி, மறுபடி காலி செய்தால் தகட்டில் ஒட்டியிருக்கும் ஈய மருந்து உதிர்ந்து அடியில் வண்டலாகத் தங்கிவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் நிற்காது. "இந்தக் கம்பெனி பேட்டரியே சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த கம்பெனியின் லாரி பேட்டரியை வாங்குவார்கள். இது வருஷா வருஷம் நடக்கிற கூத்து.

அணைந்தால் என்ன போச்சு?

ஒரு பேட்டரி தீர்ந்தால் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதானே என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கலாம். பாக் நீரிணையின் வரைபடத்தை ஒரு தடவை எடுத்துப் பார்க்கட்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். 1974-லும் 1976-லும் செய்த ஒப்பந்தங்களின்படி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான எல்லைக்கோடு அந்தக் கடலின் நடுவே போகிறது. தண்ணீர் மேல் கோடு தெரியுமா? ஜி.பி.எஸ். திரையில்தான் தெரியும். அந்தத் திரை அணைந்த ராத்திரியில், நீரோட்டம் படகை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். மேகம் மூடியிருந்தால் அதுவும் இல்லை.

எல்லை தாண்டிப் பிடிபடுகிற படகுகள் எல்லாம் பேட்டரி தீர்ந்துதான் தாண்டின என்று சொன்னால் அது பொய். மீனைத் துரத்திக்கொண்டு தெரிந்தே போகிறவர்களும் உண்டு. ஆனால் தாண்டக் கூடாது என்று நினைக்கிறவருக்காவது கோடு எங்கே என்று கடைசி நிமிஷம்வரை தெரிய வேண்டாமா?

அடுத்தது விளக்கு. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்து வைத்ததே இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று மோதாமல் இருக்கத்தான். அப்படியும் இருட்டில் வருகிற பெரிய படகுக்கு, விளக்கு அணைந்த சிறிய படகு கண்ணுக்கே தெரியாது. மூன்றாவது வி.எச்.எப். ரேடியோ. ஆபத்தில் 16-ஆம் சேனலில் கூப்பிட வேண்டும். கேட்டுக்கொண்டிருக்க அரை ஆம்பியர் போதும், பேச ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதாவது செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியில் ரேடியோ கேட்கும், ஆனால் பேச பட்டனை அழுத்தினால் அணைந்துவிடும்! ஊர் பேசுவது காதில் விழும், இவர் கத்துவது யாருக்கும் விழாது. இதைவிடக் கொடுமை உண்டா?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்ட மீனவர்களைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு, படகுகளுக்குத் தகவல் தொடர்புக் கருவி வேண்டும் என்ற பேச்சு நாடு முழுக்க எழுந்தது. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்குச் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் வைக்கும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு தொடங்கி வைத்தது. நல்ல காரியம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் கருவியைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள், படகில் இருக்கும் கருவிகளுக்கெல்லாம் சோறு போடுகிற பேட்டரியைப் பற்றி மூச்சுக்கூட விடுவதில்லையே, ஏன்? யானையை வாங்கிக் கட்டிவிட்டு, தீனிக்கு வழி பார்க்காத கதை!

கணக்கு போடத் தெரியாதா?

இது ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் கணக்கு. வாட்டை மணி நேரத்தால் பெருக்க வேண்டும். ஒரு சின்ன பைபர் படகு, பத்து மணி நேர ராத்திரி:

எல்.இ.டி. விளக்குகள் 20 வாட் என்றால் 200 வாட்-மணி. ஜி.பி.எஸ்.ஸும் எக்கோ சவுண்டரும் சேர்ந்து 15 வாட் என்றால் 150. ரேடியோ கேட்க 60, அரை மணி நேரம் பேச 30. நாலு செல்போன் சார்ஜுக்கு 60. மொத்தம் 500 வாட்-மணி. 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 42 ஆம்பியர்-மணி, கடைப் பேச்சில் 42 ஏ.எச்.

ஆழத்துத் தூண்டிலை இழுக்க மின்சார ரீல் வைத்திருந்தால் அது தனிக் கணக்கு. இழுக்கும்போது 30 ஆம்பியர் குடிக்கிற ரீல் என்று வையுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம், ராத்திரிக்கு இருபது தடவை என்றால் மொத்தம் ஒரு மணி நேரம். அதற்கு 30 ஏ.எச். ஆக மொத்தம் 72.

ஈய பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கக் கூடாது. எனவே 144 ஏ.எச். வேண்டும். மழை, பழசாகும் பேட்டரி, எதிர்பாராத ராத்திரி இவற்றுக்காகக் கால் பங்கு கூட வைத்தால் 180. ரீல் இல்லாத படகுக்கு இதே கணக்கில் 105 போதும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் எண்பது சதவீதம்வரை எடுக்கலாம் என்பதால் ரீலோடு சுமார் 112, ரீல் இல்லாமல் 66.

கடையில் "நூறு ஏ.எச்." என்று சொல்வதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு. அதாவது 5 ஆம்பியராக எடுத்தால் 20 மணி நேரம் வரும் என்று பொருள். 30 ஆம்பியராக உறிஞ்சினால் ஈய பேட்டரி அந்த நூறைத் தராது. எத்தனை மணி நேரக் கணக்கில் நூறு என்று சொல்லாமல் விற்பது, படியின் அளவு சொல்லாமல் நெல் அளப்பது மாதிரி.

நாலு சாக்கு

இதையெல்லாம் சொன்னால் உடனே சாக்குகள் வரும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சாக்கு ஒன்று: "லாரி பேட்டரி விலை கம்மி."

வாங்கும் அன்று கம்மிதான். உதாரணத்துக்கு, பத்தாயிரம் ரூபாய் பேட்டரி ஒரு வருஷத்தில் செத்துப்போகிறது, முப்பதாயிரம் ரூபாய் பேட்டரி ஆறு வருஷம் வருகிறது என்றால் எது மலிவு? செல்ப் எடுக்கும் பேட்டரி அடிவரை இறங்கி ஏறுவதைச் சில பத்து தடவைதான் தாங்கும். நல்ல டீப் சைக்கிள் ஈய பேட்டரி பாதிவரை இறங்கினால் பல நூறு தடவை தாங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் இரண்டாயிரத்தைத் தாண்டும். கையில் முப்பதாயிரம் இல்லாதவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை என்பது உண்மை. கடனும் மானியமும் இருப்பது அதற்குத்தானே? இன்ஜினுக்கும் வலைக்கும் யோசிக்கிறவர்கள் பேட்டரிக்கும் யோசிக்கட்டும்.

சாக்கு இரண்டு: "கரையில் சார்ஜ் போட்டுக்கிறோம்ல?"

ஈய பேட்டரி முழுசாக நிரம்ப எட்டு, பத்து மணி நேரம் ஆகும். கடைசி இருபது சதவீதம் நத்தை வேகம். விடிகாலையில் கரை சேர்ந்து, மீனை இறக்கி, சாயங்காலம் மறுபடி கிளம்புகிற படகுக்கு அவ்வளவு நேரம் எங்கே இருக்கிறது? நாலு மணி நேரம் போட்டுக் கழற்றினால் தினமும் அரைகுறை. அரைகுறையாகவே கிடக்கும் ஈயத் தகட்டில் வெள்ளையாகச் சல்பேட் படிந்து இறுகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளில் கேட்பாரற்றுக் காலியாகக் கிடக்கும் பேட்டரிகளுக்கும் இதே கதிதான். தடை முடிந்து கடலுக்குக் கிளம்பும் அன்று "நேத்துவரை நல்லா இருந்துச்சே" என்று தலையைச் சொறிவது ஏன் என்று இப்போது புரியும். மூன்று நாலு மணி நேரத்தில் நிரம்புகிற, அரைகுறையாகக் கிடந்தாலும் கெடாத பேட்டரி லித்தியம்தான். இது மீனவரின் நாளுக்கு ஏற்ற குணம்.

ஒன்று: கரன்ட் கிடைக்காத கரையில் 150 வாட் சோலார் தகடு ஒன்று இந்த 500 வாட்-மணியை நல்ல வெயில் நாளில் ஈடுகட்டிவிடும். ராமநாதபுரத்து வெயிலுக்குப் பஞ்சமா என்ன?

சாக்கு மூன்று: "லித்தியம் தீப்பிடிக்கும். செல்போன் வெடிக்கிறதைப் பாக்கலையா?"

பயம் நியாயம், ஆனால் எல்லா லித்தியமும் ஒரே லித்தியம் அல்ல. செல்போனிலும் மடிக்கணினியிலும் இருப்பது பெரும்பாலும் கோபால்ட் கலந்த வகை. சூடு எல்லை மீறினால் தானே ஆக்சிஜனை விட்டு எரியக்கூடியது. இரும்பு பாஸ்பேட் வகையில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகக் கட்டுண்டு இருப்பதால் அவ்வளவு சுலபத்தில் பிரியாது. இந்த இரும்பு பாஸ்பேட் 1990-களின் நடுவில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதற்கு அடிப்படையான முந்தைய ஆய்வை குடினஃப்புடன் சேர்ந்து செய்தவர், மதுரைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019-ல் குடினஃப்புக்கு நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் நோபல் உரையை ஆற்றியவரும் இவரே. மதுரையில் படித்தவரின் ஆய்வு உலகம் முழுக்க வண்டி ஓட்டுகிறது, பக்கத்துக் கடலில் மட்டும் 1859-ல் பிளாண்டே கண்டுபிடித்த ஈய பேட்டரி, அதுவும் தவறான ரகம்!

ஆபத்தே இல்லாத பேட்டரி எதுவுமில்லை. ஈய பேட்டரி மட்டும் சாதுவா? சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், மூடிய அறையில் ஒரு பொறி போதும். படகு ஆடும்போது ஆசிட் சிந்தும். கடல் தண்ணீர் உள்ளே புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். பழைய நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் கடல் தண்ணீரைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

சாக்கு நான்கு: "எங்க அப்பா காலத்திலேர்ந்து இப்படித்தான்."

அப்பா காலத்தில் படகில் எரிந்தது ஒரு விளக்கு. இப்போது ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், ரேடியோ, ரீல், நாலு செல்போன். சுமை பத்து மடங்கு ஏறிய பிறகும் அதே பேட்டரிதான் என்றால் அதற்குப் பெயர் பாரம்பரியம் இல்லை, சோம்பல்.

லித்தியம் விற்கிறவர்களுக்கும் ஒரு பூசை

லாரி பேட்டரியைத் திட்டியதால் லித்தியம் வியாபாரிகள் சிரிக்க வேண்டாம். பழைய செல்களைப் பொறுக்கி, பளபளப்பான பெட்டியில் அடைத்து, 'மரைன்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவர்கள் அங்கேயும் உண்டு. வாங்குகிறவர் பெட்டியில் வோல்ட்டைப் பார்க்கட்டும். இரும்பு பாஸ்பேட் செல் ஒன்று 3.2 வோல்ட், நாலு சேர்ந்தால் 12.8. அங்கே 11.1 என்று இருந்தால் அது வேறு வகை. உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு ரீல் இழுக்கும் 30 ஆம்பியரைத் தாங்குமா என்றும் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தை அவர்கள் சொல்லவே மாட்டார்கள். ஈய பேட்டரி சாகும் முன் விளக்கு மங்கி எச்சரிக்கும். 12.7 வோல்ட் முழுசு, 12.1 வந்தால் பாதி என்று மீட்டரைப் பார்த்தே சொல்லலாம். லித்தியம் கடைசிவரை 13 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, பாதுகாப்பு போர்டு துண்டித்ததும் பொசுக்கென்று அணையும். இருட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் போகும். ஆகவே எந்த ரகம் வாங்கினாலும் படகில் பேட்டரி இரண்டு இருக்க வேண்டும். ரீலுக்கும் விளக்குக்கும் ஒன்று. ரேடியோவுக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் தனியாகச் சின்னதாய் ஒன்று. செல்ப் எடுக்கும் இன்ஜின் இருந்தால் அதற்குரிய பேட்டரியை வேறு எதற்கும் தொடக் கூடாது. அந்த இடத்தில் லாரி பேட்டரி தாராளமாக இருக்கட்டும், அது அதன் வேலை!

ஒயரையும் மறக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் ரீலுக்கு வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மி.மீ. ஒயரை இழுத்தால், 30 ஆம்பியர் போகும்போது போக வரச் சேர்த்து 2 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே கரைந்துவிடும். ரீல் முக்கும், ஒயர் சுடும். பத்து சதுர மி.மீ. போட்டால் நஷ்டம் அரை வோல்ட்தான். பேட்டரி பக்கத்தில் ஒரு பியூஸ், டெர்மினலில் கொஞ்சம் வாசலின். இதற்கு நோபல் பரிசெல்லாம் வேண்டாம்.

'மின்சார மீன்பிடி' என்றதும் சிலருக்கு வேறு யோசனை வரும். பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டித் தண்ணீரில் ஷாக் கொடுப்பது மீன்பிடிப்பு அல்ல. குஞ்சு குளுவான் முதல் கம்பி பிடித்தவர்வரை கொல்லக்கூடிய கிறுக்குத்தனம். கண்மாயானாலும் கடலானாலும் அதற்குப் பேட்டரி சிபாரிசு கிடையாது. விளக்குப் போட்டு மீனைக் கூட்டி அள்ளுவதை மத்திய அரசு 2017 நவம்பரிலேயே தடை செய்துவிட்டது. அதுவும் இந்தக் கணக்கில் சேராது.

யார் என்ன செய்ய வேண்டும்?

சிக்ரியின் வேலை கடை போட்டு பேட்டரி விற்பது அல்ல. லித்தியம் அயனி பேட்டரியை உள்நாட்டிலேயே செய்யும் தொழில்நுட்பத்தை 2018-ல் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்ட நிறுவனம் அது. ஆய்வில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒரு பக்கம், தமிழில், எந்த வேலைக்கு எந்த பேட்டரி, எத்தனை ஏ.எச்., எந்த ஒயர் என்று அச்சடித்துத் தொண்டியிலிருந்து ராமேசுவரம்வரை மீன் ஏலக்கூடங்களில் ஒட்டினால் யார் வேண்டாம் என்பார்கள்? அழகப்பர் 300 ஏக்கரைக் கொடுத்தது உலகத்துக்காகத்தான், பக்கத்து ஊரையும் சேர்த்து.

மீன்துறை, கருவி கொடுக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் சரியான பேட்டரியையும் சேர்த்துக் கொடுக்கட்டும். கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு விற்கட்டும்: "ராத்திரிக்கு எவ்வளவு ஓடும்?"

மீனவர்? அவர் அடுத்த தடவை கடைக்குப் போகும்போது "போட்டுக்கு ஒரு பேட்டரி" என்று கேட்காமல், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிய கணக்கோடு போகட்டும். "லாரிக்குப் போடுறதையே எடுத்துக்கங்கண்ணே" என்று பதில் வந்தால், "லாரி ரோட்டுல நின்னா இறங்கி நடந்துடலாம் தம்பி. நடுக்கடல்ல எங்க இறங்குறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடக்கட்டும்.